ஜவ்வாது மலைக்குத் தர வேண்டிய கூலி

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பெய்த மழை 50 சென்டிமீட்டர். அந்தப் பகுதி ஓர் ஆண்டு முழுக்கப் பெறும் மழையில் ஏறத்தாழ பாதி ஒரே நாளில் கொட்டிவிட்டது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், உள்ளே வந்ததும் கரைந்துபோகும் வழக்கத்தை விட்டுவிட்டு, நின்று நின்று பெய்தபடி மேற்கே நகர்ந்தது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும், ஊத்தங்கரைக்குப் பக்கத்து ஊரான திருப்பத்தூரில் வெயில் சதமடித்துக்கொண்டிருந்தது. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்களில் மத்தியானம் கடைவீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. ஏழு மாத இடைவெளியில் தீய்க்கும் வெயிலும் மூழ்கடிக்கும் மழையும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்பது பழைய இயற்பியல். அந்த ஈரம் இறங்கும்போது மொத்தமாக இறங்குகிறது. மற்ற நாட்களில் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட சுமார் 1.55 டிகிரி அதிகம். 2015-ல் பாரிஸில் நாடுகள் கூடி, முடிந்தவரை தாண்டாமல் பார்த்துக்கொள்வோம் என்று சொன்ன எல்லை 1.5 டிகிரி. பல ஆண்டுச் சராசரியை வைத்துத்தான் அந்த எல்லை அளக்கப்படும் என்றாலும், போகிற திசையில் சந்தேகமில்லை.

இதில் ஒரு மாவட்டத்தால் என்ன செய்ய முடியும்? 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து பிறந்த திருப்பத்தூர் போன்ற சின்ன மாவட்டத்தால் உலகின் புகைக்கூண்டுகளை அணைக்க முடியாது. ஆனால் இங்கே பெய்யும் மழை எங்கே தங்குகிறது, இங்கே விளையும் தானியம் எது, காடு யார் பொறுப்பில் இருக்கிறது என்பவற்றை மாற்ற முடியும். இம்மூன்றுமே கலெக்டர் அலுவலகத்தைவிட அதற்குக் கிழக்கே நிற்கும் மலையில்தான் பெருமளவு தீர்மானமாகின்றன. அந்த மலைக்கு இதுவரை யாரும் ஒழுங்காகக் கூலி கொடுத்ததில்லை.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், அகலம் 32. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக் கணக்கு. புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு ஆகியவை திருப்பத்தூர்க் கணக்கு. மலை முழுக்க மலையாளி பழங்குடிகளின் ஊர்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், மலையை ஆளும் மக்கள் என்பதே அதன் பொருள், அவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். மலையிலிருந்து செய்யாறு இறங்குகிறது. நாகநதி, கமண்டல நதி, மிருகண்டா நதி இறங்குகின்றன. திருப்பத்தூர்ப் பக்கம் ஆண்டியப்பனூர் அணைக்கு வரும் ஓடைகளாக இறங்குகிறது தண்ணீர். செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமில் வரும் சேயாறு இந்தச் செய்யாறுதான். இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த மலையின் தண்ணீர்தான் கீழே உள்ளவர்களின் சோறு.

சமவெளியின் பெரிய ஆறான பாலாற்றின் கதை வேறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் சுமார் 33 கிலோமீட்டர் ஓடி, வாணியம்பாடியருகே புல்லூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அந்த எல்லையிலேயே ஆந்திர அரசு கட்டிய தடுப்பணை இருக்கிறது. 2016-ல் அதன் உயரம் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தப்பட்டபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கலாம். மேலே இருப்பவர்கள் கட்டிக்கொண்டே போனதில் வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்குப் பல ஆண்டுகள் பாலாறு மணல் மட்டும்தான். ஆனால் வரும்போது அது சும்மா வருவதில்லை. 1903 நவம்பர் வெள்ளத்தில் வாணியம்பாடியில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 நவம்பரில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் பாலாற்றில் தண்ணீர் ஓடியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கிணறுகள் வற்றிக் கிடந்த அதே ஊர்களில்.

வறட்சிக்கு ஒரு திட்டம், வெள்ளத்துக்கு இன்னொரு திட்டம் என்று தனித்தனிக் கோப்புகளாகப் பிரிப்பது அரசு வழக்கம். திருப்பத்தூரில் இரண்டும் ஒரே கோப்பு. மழைநீரை மலைச்சரிவில் நிதானப்படுத்தினால் கீழே வெள்ளத்தின் உச்சம் குறையும், கோடையில் கிணற்றில் நீர் இருக்கும்.

காரணம் பாறை. இந்தப் பகுதி கடினப்பாறை நிலம். மேலே சில மீட்டர் சிதைந்த மண்ணிலும், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்க முடியும். டெல்டாவைப் போல அடியில் ஆழமான மணல் இல்லை. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டும் புகைமண்டலமாகத் தூள் மட்டும் பறந்த கதை இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அந்தச் சிறிய தேக்கத்தை ஒவ்வோர் ஆண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நாளில் பெய்யும் பேய்மழை அதை நிரப்பாது. பாறைமேல் வழிந்து, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும்.

இதற்குச் சரியான உதாரணம் மலையின் வடகிழக்கே இருக்கிறது. அமிர்திப் பக்கம் இறங்கி வேலூர் மாவட்டக் கிராமங்கள் வழியாக ஓடும் நாகநதி பதினைந்து ஆண்டுக்கும் மேல் வறண்டு கிடந்தது. 2014 வாக்கில், வாழும் கலை அமைப்பின் வழிகாட்டலில், நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியில், அந்த ஊர்ப் பெண்கள் ஆற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். சுமார் 20,000 பெண்கள் இதில் உழைத்தார்கள். 2021 செப்டம்பரில் உலக நதிகள் தினத்தையொட்டிப் பேசிய வானொலி உரையில் பிரதமரும் இந்த ஆற்றைக் குறிப்பிட்டார்.

அங்கே செய்தது பெரிய அணை எதுவும் இல்லை. சரிவில் ஓடை செங்குத்தாக இறங்கும் இடங்களில், அங்கேயே கிடக்கும் கற்களைக் குறுக்கே அடுக்கினார்கள். சிமெண்ட் பூசவில்லை. பூசாததுதான் சூட்சுமம். கற்களின் இடுக்கில் தண்ணீர் புகுந்து போகும், ஆனால் வேகம் உடைந்துவிடும். அடித்துவந்த வண்டல் கல்லுக்குப் பின்னால் தங்கும். அடுத்த மழையில் அந்த வண்டல் ஈரத்தைப் பிடிக்கும், அதில் புல் முளைக்கும். கீழே ஓடைப் படுகைகளில் குழி எடுத்து, அந்தப் பெண்களே வார்த்த சிமெண்ட் உறைகளை இறக்கி, நிலத்துக்குள் தண்ணீரை அனுப்பும் கிணறுகளை அமைத்தார்கள். இறைப்பதற்காகத் தோண்டாத கிணறு என்பது ஆரம்பத்தில் ஊருக்கே வேடிக்கையாக இருந்திருக்கும். எங்கே கல் அடுக்குவது, எங்கே உறை இறக்குவது என்பதைச் செயற்கைக்கோள் படங்களையும் பாறை வெடிப்புகளின் போக்கையும் பார்த்து முடிவு செய்தார்கள். இந்தத் திட்டத்தின் அறிவு முழுவதும் அந்த இடத் தேர்வில்தான் இருக்கிறது. நூறு நாள் வேலையில் ஏரிக்கரை ஓரம் புல் செதுக்கிக் கணக்கு முடித்த ஊர்களுக்கும் நாகநதி ஊர்களுக்கும் கூலி ஒன்றுதான், சட்டமும் ஒன்றுதான்.

சிக்கிமில் 2008-ல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டமும் இதே வழியில் போனது. வற்றிக்கொண்டிருந்த ஊற்றுகளுக்கு மேலே, மலைச்சரிவில், நிலவியலாளர்கள் காட்டிய இடங்களில் வரப்பும் பள்ளமும் வெட்டி மழையை உள்ளே இறக்கினார்கள். அங்கேயும் வேலை உறுதித் திட்டப் பணம்தான். அவர்கள் முதலில் செய்தது ஊற்றுகளைக் கணக்கெடுத்து ஒரு பட்டியல் போட்டது. ஜவ்வாது மலைக்கும் அப்படியொரு சுனைப் பதிவேடு வேண்டும். எந்தச் சுனை எந்த மாதம் வற்றுகிறது, எத்தனை குடங்கள் கிடைக்கின்றன என்று ஊர் ஊராக எழுதிவைத்தால் போதும். இதே மலையில், 725 மீட்டர் உயரத்தில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வெளிச்சத்தை இரவு தவறாமல் குறித்துவைக்கும் ஒழுக்கம் இந்த மலைக்குப் புதிதில்லை. காலடியில் உள்ள ஊற்றுக்கும் ஒரு நோட்டு போடலாம்.

தண்ணீரை அடுத்து தானியம்.

ஜவ்வாது மலையின் பயிர் சாமை. ஆனி, ஆடியில் விதைத்தால் புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பு. மூன்று மாதத்துக்குச் சற்று முன்பின்னாக முடிந்துவிடும். பாசனம் கிடையாது, உரம் கேட்காது, சரிவான சரளை மண்ணிலும் வரும். திருப்பத்தூர் வட்டாரத்துக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய பங்கு. அந்த மழை இடையில் இரண்டு வாரம் காணாமல் போனாலும் சாமை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். மக்காச்சோளம், கரும்புபோல கடும் வெயிலிலும் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஒளிச்சேர்க்கை முறை கொண்ட பயிர் அது. இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951-க்கும் 2015-க்கும் இடையே நாட்டின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவைத் தாங்கக்கூடிய பயிரைத் தேடி ஆராய்ச்சி நிலையங்கள் ஓடும்போது, இந்த மலையில் அது ஏற்கெனவே விதைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. தேங்கிய தண்ணீரில் நிற்கும் நெல்வயல் மீத்தேனை வெளியிடும். சாமைக்கொல்லையில் தண்ணீரே தேங்குவதில்லை.

அப்படியானால் சாமை ஏன் குறைந்தது?

முதல் காரணம் உமி. சாமை மணி கடுகளவுதான். அதன் மேல் வழவழப்பான உமி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். களத்தில் மாடு விட்டு மிதித்து, தூற்றி, தொம்பையில் கொட்டிவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. சோறாக்கத்தான் பாடு. உரலில் போட்டு உலக்கையால் குத்தும்போது பலம் கூடினால் நொய்யாகிவிடும், குறைந்தால் உமி போகாது. குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததைப் பிரித்து மறுபடியும் குத்தி, கல் பொறுக்கி முடிப்பதற்குள் பெண்களுக்கு அரை நாள் போய்விடும். ரேஷன் கடையில் 2008-ல் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூனில் இலவசமானது. மலைக்குடும்பத்தின் பசியைத் தணித்த நல்ல திட்டம்தான் அது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உலக்கையைச் சுவரில் சாத்திய நாளிலிருந்து சாமைக்கொல்லையும் சுருங்கத் தொடங்கியது. சமையலறைப் பெண்களின் முதுகுவலியைக் கணக்கில் எடுக்காமல் 'பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்கள்' என்று மேடையில் பேசுவதில் பயனில்லை.

தானம் அறக்கட்டளை, கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதியுதவியில் 2011 முதல் 2014 வரை நடத்திய சிறுதானியத் திட்டத்தில் ஜவ்வாது மலையும் ஒரு களம். உள்ளூர் விதை ரகங்களை ஒப்பிட்டுப் பார்த்தது, ஊரிலேயே வைத்து இயக்கக்கூடிய உமி நீக்கும் இயந்திரங்களைத் திருத்தியது போன்றவை அதில் நடந்தன. அதற்கு முன்பே கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை வங்கிகளையும் அரைவை இயந்திரங்களையும் மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்திருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்ததுதான். ஆக, விதைக்கும் இயந்திரத்துக்கும் வழி தெரிந்துவிட்டது. விலையில்தான் முட்டுகிறது. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன. சாமை இல்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது, சென்னை சூப்பர் மார்க்கெட்டுகளில் சாமை பொட்டலம் அழகான அட்டையோடு வந்தது. புதூர்நாட்டில் களத்து மேட்டில் மூட்டை போடும்போது விலை சொல்வது இன்றும் வியாபாரிதான்.

ஒடிஷா 2017-ல் தொடங்கிய சிறுதானிய இயக்கம் இதில் ஒரு பாடம். பழங்குடி மாவட்டங்களில் கேழ்வரகை அரசே ஆதரவு விலைக்கு வாங்கி, ரேஷனிலும் சத்துணவிலும் கொடுத்தது. வாங்க ஆள் உண்டு என்று தெரிந்ததும் விவசாயிகள் திரும்பி வந்தார்கள். தமிழ்நாடும் 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தது. ஜவ்வாது மலையின் அங்கன்வாடிகளுக்கும், பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் அந்த மலையிலேயே விளைந்த சாமையை வாங்கினால், கொள்முதல், போக்குவரத்து, சத்து மூன்றும் ஒரே மலைக்குள் முடிந்துவிடும். மாவட்ட அளவிலேயே தொடங்கக்கூடிய காரியம் இது.

காட்டைப் பற்றிப் பேசும்போது பழைய கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலை என்றால் ஒரு காலத்தில் சந்தனம். திருப்பத்தூரில் அரசு சந்தன மரக் கிடங்கு அமைந்ததே அதனால்தான். காவலும் சட்டமும் கடுமையாக இருந்த காலத்திலேயே சந்தனம் வெட்டித் தீர்ந்தது. மலைக்காரர்களுக்கு அந்த மரத்தில் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லை. வெட்டுகூலியில் மட்டும் பங்கு இருந்தது. சந்தனம் தீர்ந்த பிறகு அதே கோடாரித் திறமைக்கு ஆந்திரத்தின் செம்மரக்காட்டிலிருந்து அழைப்பு வந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். காலநிலை மாற்றம் பற்றிய கட்டுரையில் இந்தச் சம்பவம் எதற்கு என்று கேட்கலாம். மழை பொய்த்த ஆண்டில் மலையை விட்டு இறங்கும் இளைஞன் எந்த வேலைக்குப் போகிறான் என்பதுதான் இங்கே காலநிலைப் பிரச்சினையின் முகம்.

தமிழ்நாடு அரசு 2021-ல் பசுமை காலநிலை நிறுவனத்தைத் தொடங்கியது. முதலமைச்சர் தலைமையில் ஆட்சிக்குழு, மாவட்டந்தோறும் கலெக்டர் பொறுப்பில் காலநிலை இயக்கம் எல்லாம் வந்துவிட்டன. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, சுமார் 24 சதவீதமாக உள்ள காடு, மரப் பரப்பைப் பத்தாண்டுகளுக்குள் 33 சதவீதமாக்குவது. அமைப்பளவில் இந்தியாவில் முன்வரிசை என்றே சொல்லலாம். கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வெற்றியை அளப்பதுதான் கவலை தருகிறது. நட்டவை எத்தனை என்பது செய்தியாகிறது, மூன்றாம் கோடையில் எத்தனை நின்றன என்பது செய்தியாவதில்லை. ஜவ்வாது மலையின் இலையுதிர்க்காட்டில் மாசி முதல் சித்திரை வரை தீ ஒரு நிரந்தர விருந்தாளி. உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் பிடித்தால் அடங்காது. புதுக்கன்று நடுவதைவிட, ஏற்கெனவே நிற்கும் காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், உண்ணிச்செடியை வேரோடு எடுப்பதும், வெட்டிய அடிமரத்தில் தானாகத் துளிர்ப்பதைக் காப்பதும் செலவு குறைந்தவை, பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல். இவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் மலையில்தான் இருக்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டம் ஊருக்குக் காட்டைக் காக்கும் உரிமையையே தருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2008 முதல் முடங்கிக் கிடந்த பட்டா வழங்கல், 2016-ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே நகர்ந்தது. தனிநபர் பட்டாவோடு நிற்காமல், சமூக வன உரிமை ஊர்களின் கைக்கு வர வேண்டும். கடுக்காய், புளி, தேன் எடுப்பவர்களுக்கு அந்தக் காட்டின் மேல் சட்டப்படி உரிமை வந்தால் தீயை முதலில் பார்ப்பவர்களும் முதலில் ஓடுபவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

கடுக்காய் என்றதும் ஆம்பூரும் வாணியம்பாடியும் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போதும். பிறகு குரோமியம் வந்தது, பாலாறு கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறின. இங்கேதான் எளிதில் வெளியே தெரியாத ஒரு சிக்கல். உப்பு கலந்த மிச்ச நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஏராளமான எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். ஆற்றைக் காப்பாற்றும் இயந்திரம் காற்றில் கார்பனைச் சேர்க்கிறது, முடிவில் உப்பும் குவியலாக மிஞ்சுகிறது. ஆற்றுக்காக இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைச் சூரிய சக்தியிலிருந்து எடுப்பதும், பச்சைத்தோலுக்கு உப்பு போடுவதைத் தொடக்கத்திலேயே குறைப்பதும்தான் இந்த மாவட்டத்தின் உண்மையான கார்பன் குறைப்பு வேலை. மலைக்காரரிடம் போய் விறகடுப்பை அணைக்கச் சொல்வது எளிது, பலன் அற்பம்.

வெயிலைப் பொறுத்தவரை, 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு நிவாரணத்துக்கு வழி செய்தது. நல்ல தொடக்கம். காலணித் தொழிற்சாலைகளில் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் பெண்களுக்கும், தகரக் கூரைக்குக் கீழே பீடி சுற்றுபவர்களுக்கும் நிவாரணத்துக்கு முந்தைய தேவை, கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் மத்தியான வேளையில் ஓய்வும்.

இனி கூலி விஷயம். இமாச்சலத்தில் பாலம்பூர் நகராட்சி, தன் குடிநீர் ஊற்றெடுக்கும் மலைக்காட்டைக் காக்கும் கிராமங்களுக்கு ஆண்டுதோறும் பணம் தர 2010-ல் ஒப்பந்தம் போட்டது. தொகை பெரிதில்லை, ஆனால் நகரம் மலைக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிது. நியூயார்க் நகரம் 1997-ல் சுத்திகரிப்பு ஆலை கட்டும் செலவைத் தவிர்க்க, கேட்ஸ்கில் மலைக் கிராமங்களோடு உடன்பாடு செய்துகொண்டு நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கச் செலவழித்தது. கோஸ்டா ரிகா தன் 1996 வனச் சட்டத்தின் மூலம், எரிபொருள் வரியிலிருந்து காடு காப்பவர்களுக்குப் பணம் கொடுக்கிறது. காட்டை இழந்துகொண்டிருந்த அந்த நாட்டில் காடு மீண்டும் கூடியது. இவை எதுவும் தருமம் இல்லை. வாங்கிய சேவைக்குக் கொடுத்த விலை.

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் நகராட்சிகளின் குடிநீர் வரியிலிருந்தும், தண்ணீரை அதிகம் செலவிடும் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தும் ஒரு சிறு பங்கை மலைக்கென ஒதுக்கலாம். அதைப் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு கிராமசபைகளின் கையில் கொடுத்து, சரிவில் கல் அடுக்கவும், சுனைப் பதிவேடு எழுதவும், தீக்காவல் இருக்கவும், சாமை விதைக்கவும் ஆண்டுக்கூலியாகத் தரலாம். அரசின் ஊரக வேலைத் திட்டக் கூலி அதற்கு அடித்தளம், இந்தத் தொகை மேல்கட்டு. மலை மூன்று மாவட்டங்களுக்குச் சொந்தம் என்பதால் மூன்று கலெக்டர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும்.

மாவட்ட காலநிலைத் திட்டம் என்ற பெயரில் எந்த ஆவணம் வந்தாலும் வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அதன் வரவுசெலவில் மலைக்குப் போகும் தொகை எவ்வளவு, அதைச் செலவிடும் அதிகாரம் யாரிடம்? கிராமசபைக் கூட்டம் நடக்கும் நாட்களில் இதைக் கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. திருப்பத்தூர்க்காரர்கள் வரும் கூட்டத்திலேயே கேட்கத் தொடங்கலாம்.